நிற்கும் வரை சாய்க்க முடியாதவர்: எட்வர்ட் ஃபோலயாங்

பிலிப்பைன்ஸ், சண்டை என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு முதலில் வரும் பெயர் மேனி பாக்கியாவ். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் இரண்டு கைகளிலும் கம்பு பிடித்துச் சுழற்றும் அர்னிஸைச் சொல்வார்கள். 2009இல் அந்த நாடு அதைச் சட்டம் போட்டே தேசிய விளையாட்டாக்கியது. ஆனால் குத்து, உதை, மல்யுத்தம், தரைப்பூட்டு எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலையில், அதாவது எம்எம்ஏவில், பிலிப்பைன்ஸ் ஆசிய அளவில் தலைநிமிர்ந்ததற்குக் காரணம் குத்துச்சண்டையும் இல்லை, கம்பும் இல்லை. வடக்கு லூசோன் மலைகளில் சில இளைஞர்கள் பிடித்துக்கொண்ட ஒரு சீன விளையாட்டுதான் காரணம். அதன் பெயர் சாண்டா. அந்த இளைஞர்களில் மூத்தவர் எட்வர்ட் ஃபோலயாங்.

அவர் இரண்டு முறை, ஆசியாவின் பெரிய எம்எம்ஏ நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பின் லைட்வெயிட் உலகப் பட்டத்தை வென்றவர். இரண்டு முறையும் அதை இழந்தவர். ஜப்பானின் ஷின்யா ஆவோகியோடு நான்கு முறை மோதி ஒருமுறை வென்றார், மூன்று முறை தோற்றார். ரசிகர்கள் இதை ஏற்ற இறக்கம், அதிர்ஷ்டம், வயது என்று பலவிதமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனதும், அங்கிருந்து திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டதும் ஒரே பயிற்சிதான் என்பது என் கணிப்பு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அவர் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

மணிலாவிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டரில் இருக்கிறது பாகியோ நகரம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, வெயிலுக்குப் பயந்த அமெரிக்கர்கள் தங்கள் ஆட்சிக்காலத்தில் கட்டிய மலைவாசஸ்தலம். இன்று அது கல்லூரிகள் நிறைந்த ஊர். சுற்றியிருக்கும் கார்டில்லெரா மலைகள் இகொரோட் என்று பொதுப்பெயரில் அழைக்கப்படும் பழங்குடிகளின் மண். ஸ்பானியர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிலிப்பைன்ஸை ஆண்டபோதும் இந்த மலைகளை முழுசாகத் தங்கள் பிடிக்குள் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பெருமை மலைக்காரர்களுக்கு உண்டு. சமவெளிக்காரர்களிடம் கேலிப்பேச்சு கேட்ட வடுவும் உண்டு.

ஃபோலயாங் 1983 நவம்பரில் பிறந்த இகொரோட் மகன். வறுமையான, பிள்ளைகள் நிறைந்த குடும்பம். விளையாட்டுதான் அவரைக் கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. கார்டில்லெரா பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியரானார். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமும் உடற்கல்வியும் சொல்லிக்கொடுத்தார். பிறகு முழுநேரமாக எம்எம்ஏ கூண்டுக்குள் இறங்கினார். பேட்டிகளில் அவர் பேசுவதைக் கேட்டால் வாத்தியார் இன்னும் போகவில்லை என்று தெரியும். நிதானமாகப் பேசுவார், எதிராளியைத் திட்ட மாட்டார், தோற்றாலும் ஜெயித்தாலும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை. பட்டப்பெயர் மட்டும் ‘நிலச்சரிவு’. மழைக்காலத்தில் பாகியோவுக்கு ஏறும் கென்னன் சாலை மண் சரிந்து அடிக்கடி மூடப்படுவதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஊர் வாசனை தெரியும்.

சரி, சாண்டாவுக்கு வருவோம். வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று, வாளும் ஈட்டியும் சுழற்றி அழகாகச் செய்துகாட்டும் பிரிவு. இன்னொன்று நேருக்கு நேர் மோதல். அதுதான் சாண்டா. கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறியலாம். தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயர்ந்த, எட்டு மீட்டர் சதுர மேடையில் நடக்கும். சுற்றிக் கயிறு கிடையாது. மேடையிலிருந்து கீழே விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. ஒரே சுற்றில் இரண்டு முறை விழுந்தால் அந்தச் சுற்றே போச்சு. இரண்டு நிமிடச் சுற்றுகள். மூன்றில் இரண்டை எடுப்பவருக்கு வெற்றி.

இந்த விதிகள் ஒரு வீரனின் உடம்பில் என்ன பழக்கத்தை ஊட்டும் என்று யோசித்துப் பாருங்கள். எதிராளியை எறிந்துவிட்டு நீங்கள் நின்றுகொண்டிருந்தால் முழுப் புள்ளி. அதனால் தூக்கி எறியக் கற்பீர்கள். அதைவிட முக்கியமாக, யாரும் உங்களைத் தூக்கி எறியாதபடி இடுப்பைத் தாழ்த்தி நிற்கக் கற்பீர்கள். கட்டிப்பிடித்து ஒன்றும் செய்யாமல் நின்றால் நடுவர் உடனே பிரித்துவிடுவார். அதனால் பிடி கிடைத்த நொடியில் முடிவெடுக்கப் பழகுவீர்கள். ஆனால் விழுந்த பிறகு? ஒன்றுமில்லை. நடுவர் நிறுத்துவார், இருவரும் எழுவார்கள், மறுபடி தொடங்கும். தரையில் முதுகு பட்டதும் ஆட்டம் முடிந்துவிடும் விளையாட்டு அது. எம்எம்ஏவில் பாதி ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

சாண்டாவில் ஃபோலயாங் சாதாரண ஆள் இல்லை. தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2003, 2005, 2011 என்று மூன்று தங்கம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி. அந்தப் போட்டியில் பிலிப்பைன்ஸ் மொத்தமே நான்கு தங்கம்தான் வாங்கியது. அதில் ஒன்று சாண்டாவில் ரெனே கட்டாலன் வென்றது. கூடைப்பந்தும் குத்துச்சண்டையும் எல்லாப் பணத்தையும் கவனத்தையும் விழுங்கிவிடும் நாட்டில், பதக்கம் கொண்டுவரும் விளையாட்டாக வூஷு சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் பதக்கம் வைத்து எத்தனை நாள் வீட்டு அடுப்பெரியும்? ஆசிய விளையாட்டுக்கு மேல் சாண்டாவுக்கு ஒலிம்பிக் இல்லை. தொழில்முறைப் போட்டி என்று சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை. அடுத்த படி எங்கே என்று தேடியவர்களுக்கு எம்எம்ஏ ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் மார்க் சங்கியாவோ வருகிறார். அவரும் மலைக்காரர், அவரும் வூஷுவிலிருந்து கூண்டுக்குப் போனவர். பல்கலைக்கழக வூஷு அணிக்குப் பயிற்சி கொடுத்தபடியே டீம் லகாய் என்ற பெயரில் ஒரு கூட்டத்தைத் திரட்டினார். பாகியோவை ஒட்டிய லா திரினிதாதில், ஸ்ட்ராபெரி தோட்டங்களும் காய்கறிச் சந்தையும் இருக்கும் ஊரில், அவர்களுடைய கூடம். வந்தவர்களில் பெரும்பாலோர் அதே மலைகளைச் சேர்ந்த பிள்ளைகள்: கெவின் பெலிங்கோன், ஹொனோரியோ பனாரியோ, கெஜே யூஸ்டாகியோ, பிற்பாடு ஜோஷுவா பாசியோ. ஒரே மொழி, ஒரே சாப்பாடு, ஒரே சாண்டா. வெளியிலிருந்து பெரிய பயிற்சியாளர்களைக் கொண்டுவரப் பணம் இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான் ஆசான். அவர்களுடைய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஃபோலயாங் 2007இல் யுஆர்சிசி என்ற உள்ளூர் எம்எம்ஏ அமைப்பில் தொழில்முறை வீரராகத் தொடங்கி அங்கே பட்டமும் வென்றார். 2011 செப்டம்பர் 3 அன்று சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கத்தில் ஒன் நிறுவனம் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது, முக்கியப் போட்டியில் நின்றவர் இவர். கொரியாவின் குவான் ஆ சோலை நடுவர்கள் மூவரின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். அதாவது இன்று ஆசியா முழுக்கப் பரந்திருக்கும் அந்த நிறுவனத்தின் முதல் ராத்திரியின் முதன்மை வெற்றியாளர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அடுத்த சில வருஷங்கள் வேகமாகச் சொல்லிவிடலாம்: ஒன்று ஜெயித்தால் ஒன்று தோற்பது. பிரேசிலின் சோரோபாபெல் மொரெய்ரா பின்னாலிருந்து கழுத்தை நெரித்து முடித்தார். 2014 டிசம்பரில் மணிலாவில், சொந்த ஜனத்தின் முன்னால், ரஷ்யாவின் திமோஃபே நஸ்தியூகின் பாய்ந்து வந்த முழங்காலால் சாய்த்தார். முப்பதைத் தாண்டிய வீரர். இவர் கதை இத்தோடு சரி என்று பலர் எழுதிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் மணிலாவில் நடந்த ஒரு சாவு ஒன்னின் எடைப் பிரிவுகளையே மாற்றியது. 2015 டிசம்பரில் யாங் ஜியான்பிங் என்ற 21 வயதுச் சீன வீரர், போட்டிக்கு முன் எடை குறைக்கும் முயற்சியில் உடம்பில் நீர் வற்றி இறந்துபோனார். அதன் பிறகு ஒன் நிறுவனம் நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, எல்லாப் பிரிவுகளின் வரம்பையும் உயர்த்தியது. லைட்வெயிட் 70 கிலோவிலிருந்து 77 கிலோவானது. எல்லோரும் நடமாடும் எடையிலேயே சண்டை போட வேண்டும் என்பது நோக்கம். நல்ல விதிதான், எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஃபோலயாங் அந்தப் புதிய பிரிவில் பெரிய ஆள் இல்லை. உடம்பு பெருத்தவர்கள் மேலே விழுந்து அழுத்தும்போது அந்த வித்தியாசம் பின்னால் தெரிந்தது.

2016 நவம்பர் 11, சிங்கப்பூர். எதிரே ஆவோகி, 2013 முதல் சாம்பியன். தரைச் சண்டையில் உலகத்தில் எஞ்சியிருந்த மிக ஆபத்தான சிலரில் ஒருவர். அவர் பூட்டுப் போடாத மூட்டு இல்லை என்பார்கள்; கை, கால், கழுத்து எது கிடைத்தாலும் ஒடித்துவிடுவார். பந்தயக்காரர்களில் யாரும் ஃபோலயாங் பக்கம் பணம் கட்டத் தயாராக இல்லை.

முதல் சுற்றில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. ஆவோகி இடுப்பைப் பிடித்தார், தரைக்கு இழுத்தார், மேலே ஏறிப் பூட்டு தேடினார். ஃபோலயாங் அங்கே அழகாக எதுவும் செய்யவில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முகவாயை நெஞ்சில் புதைத்து, மணி அடிக்கும் வரை தாக்குப்பிடித்தார். அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் ஆவோகிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாவது சுற்றில் ஆவோகி உள்ளே பாயும்போதெல்லாம் ஃபோலயாங்கின் இடுப்பு தாழ்ந்து, கால்கள் பின்னால் போய், அந்த எடை முழுவதும் ஆவோகியின் கழுத்தில் இறங்கியது. மேடையிலிருந்து விழாமல் நிற்கப் பதினைந்து வருஷமாகப் பழகிய உடம்பு அது. ஒவ்வொரு தோல்வியுற்ற பாய்ச்சலுக்கும் ஆவோகி ஒரு குத்தையோ முழங்காலையோ வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாவது சுற்று தொடங்கியதும் களைத்துப்போன சாம்பியன் தலையைக் குனிந்து மறுபடி பாய்ந்தார். எதிரே வந்தது முழங்கால். அப்புறம் இன்னொன்று. கீழே சரிந்தவர் மேல் குத்துகள் விழுந்தன. 41ஆவது விநாடியில் நடுவர் நடுவே புகுந்தார்.

பிலிப்பைன்ஸ் எம்எம்ஏ வரலாற்றில் அதைவிடப் பெரிய ஒற்றை வெற்றி உண்டா என்று கேட்டால், தயங்காமல் இல்லை என்பேன். ஆனால் அந்தச் சண்டையை எல்லோரும் துணிச்சலின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது முதல் சுற்றின் கதை. அந்த ஐந்து நிமிடத்தில் ஃபோலயாங்குக்குத் தரையில் பதில் இல்லை. பொறுமை மட்டும் இருந்தது. ஆவோகி அடுத்த முறை அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்கப்போவதில்லை.

நடுவில் மற்றவர்களும் பாடம் நடத்தினார்கள். 2017 ஏப்ரலில் மணிலாவில் மலேசிய-நியூசிலாந்து வீரர் எவ் டிங்கை ஐந்து சுற்றுகளில் வென்று பட்டத்தைக் காத்தார். அதே வருஷம் நவம்பரில், அதே ஊரில், மார்ட்டின் நுயென் வந்தார். வியட்நாமிய வம்சாவளி ஆஸ்திரேலியர். ஏற்கெனவே கீழ் எடைப் பிரிவில் சாம்பியன். இரண்டாவது சுற்றில் ஃபோலயாங் சுழன்று பின்கையால் அடிக்கப் போனார். சாண்டாவில் பலமுறை கைகொடுத்த அடி. இந்த முறை சுழற்சி முடிவதற்குள் நுயெனின் வலது கை மேலிருந்து வந்து இறங்கிவிட்டது. ஒரே குத்து, பட்டம் போனது. ஆக, நின்ற நிலையிலும் அந்தப் பழக்கம் ஆபத்தானது என்று தெரிந்தது.

அவர் உடைந்துபோகவில்லை. 2018 நவம்பர் 23 அன்று, காலியாக இருந்த அதே பட்டத்துக்கு சிங்கப்பூரின் அமீர் கானோடு மோதினார். கான் வேகமான குத்துக்காரர். ஃபோலயாங் அவரோடு குத்துப் பரிமாற்றத்தில் இறங்காமல் திரும்பத் திரும்பத் தரைக்கு இழுத்துப் போட்டு ஐந்து சுற்று ஆட்டத்தை வென்றார். வழக்கத்துக்கு மாறான புத்திசாலித்தனமான ஆட்டம். அரங்கம் குலுங்கியது, பட்டம் திரும்பியது.

அந்த ராத்திரி டீம் லகாயின் உச்சம். யூஸ்டாகியோ ஜூனில் ஃபிளைவெயிட் பட்டம், பாசியோ செப்டம்பரில் ஸ்ட்ராவெயிட் பட்டம், பெலிங்கோன் அதே நவம்பர் 9 அன்று பிபியானோ ஃபெர்னாண்டஸிடமிருந்து பேன்டம்வெயிட் பட்டம் என்று வரிசையாக வென்றிருந்தார்கள். ஃபோலயாங்கோடு சேர்த்து நான்கு உலகப் பட்டங்கள் ஒரே மலைக்கூடத்தில். பெரிய நாடுகளின் பெரிய கூடங்களுக்கே கிடைக்காத வாய்ப்பு.

அது முழுசாக இரண்டு மாதம் நிலைக்கவில்லை. 2019 ஜனவரி 19 அன்று ஜகார்த்தாவில் பாசியோ யோசுகே சருதாவிடம் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். அடுத்த வாரமே மணிலாவில் யூஸ்டாகியோவிடமிருந்து அட்ரியானோ மொராய்ஸ் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மார்ச் 31, டோக்கியோவில், ஒரே நிகழ்ச்சியில் மீதி இரண்டும் போயின. பெலிங்கோன், ஃபெர்னாண்டஸின் பின்தலையில் முழங்கையால் இடித்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஃபோலயாங்குக்கு எதிரே ஆவோகி.

இந்த முறை ஆவோகி எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலேயே பிடி, தரை, மேலே ஏறுதல், பின் கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கும் பூட்டு. முதல் சுற்றின் பாதியில் முடிந்தது. நவம்பரில் நான்கு பட்டம், மார்ச் கடைசியில் பூஜ்யம். (பாசியோ மட்டும் இரண்டே வாரத்தில், ஏப்ரல் 12 அன்று மணிலாவில், சருதாவைத் தலையுதையில் சாய்த்து ஒன்றை மீட்டுவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.)

ஆகஸ்டில் மணிலாவில் அமெரிக்காவின் எடி ஆல்வரெஸ். அமெரிக்காவின் பெரிய எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சியில் சாம்பியனாக இருந்தவர். ஃபோலயாங்கின் கால் உதை ஒன்றில் ஆல்வரெஸ் தடுமாறி விழுந்தார். அரங்கமே எழுந்து நின்றது. ஃபோலயாங் முடித்துவிடலாம் என்று அவர் மேல் பாய்ந்து தரைக்குப் போனார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அதுதான். பின்வாங்கி, ‘எழுந்து வா’ என்று கைகாட்டியிருந்தால் ஆல்வரெஸ் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருந்திருக்கும். மாறாக, தரையில் ஆல்வரெஸ் புரண்டு மேலே வந்து, முதுகுக்குப் பின்னால் போய், கழுத்தை நெரித்து முடித்துவிட்டார். மொத்தமே இரண்டேகால் நிமிடம்.

பெலிங்கோன்-ஃபெர்னாண்டஸ் கதையும் இதே அச்சு. நான்கு முறை மோதினார்கள். நின்று ஆடிய இரவில் பெலிங்கோனுக்கு வெற்றி, தரைக்குப் போன இரவுகளில் பூட்டும் நெரிப்பும். இரண்டு தனிமனிதர்களின் தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு கூடத்தில் எல்லோரும் ஒரே கலையிலிருந்து வந்தவர்களாக இருந்தால், பயிற்சியில் உங்களைத் தரையில் திணறடிக்க ஆள் இருக்காது. பிரேசிலிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தரைப்பூட்டுக் கலையான ஜியு-ஜிட்சுவையோ மல்யுத்தத்தையோ பத்து வயதிலிருந்து சுவாசித்தவர்களோடு மோதும்போது அந்தக் குறை முதல் நிமிடத்திலேயே வெளிவந்துவிடும். எதிராளியைத் தரைக்கு இழுக்க விடாமல் தடுப்பது வேறு, இழுத்த பின் தப்பிப்பது வேறு. முன்னதை சாண்டா சொல்லிக்கொடுத்தது. பின்னதை யாரும் அவர்களுக்குச் சரியான வயதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

2020 தொடக்கத்திலிருந்து 2021 வரை ஃபோலயாங் வரிசையாக நான்கில் தோற்றார். அதில் ஒன்று ஆவோகியிடம், மறுபடியும் முதல் சுற்றில், இந்த முறை கைப்பூட்டு. 2022 மார்ச்சில் தாய்லாந்துக் குத்துச்சண்டையான முய் தாய் விதிகளில் ஜான் வெய்ன் பாருக்கு எதிராக இறங்கினார். ஆஸ்திரேலியாவின் பெரும்பெயர், அவருக்கு அது ஓய்வுப் போட்டி. தரைச் சண்டையே இல்லாத அந்த ஆட்டத்தில் ஃபோலயாங் வென்றார். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டாம்.

2023இல் ஃபோலயாங், பெலிங்கோன், பனாரியோ, பாசியோ உள்ளிட்டவர்கள் டீம் லகாயை விட்டு வெளியேறினார்கள். ரசிகர்களுக்கு அது வீட்டில் பாகப்பிரிவினை மாதிரி வலித்தது. மார்க் சங்கியாவோதான் இவர்களை வளர்த்தவர் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. பாகியோவில் லயன்ஸ் நேஷன் என்ற புதிய கூடம் தொடங்கியது. ஃபோலயாங் அங்கே வீரர் என்பதைவிட மூத்த அண்ணன், ஆசான். அந்த வருஷம் அமீர் கானோடு இரண்டாம் முறை மோதி மறுபடியும் வென்றார்.

2025 மார்ச் 23, ஜப்பானின் சைதாமா. நாற்பதைத் தாண்டிய ஃபோலயாங்கும் ஆவோகியும் நான்காவது முறையாக நேருக்கு நேர். ஆவோகி தரைக்கு இழுத்தார், கையைப் பிடித்தார். ஒரு நிமிடம் நிறைவதற்குள் ஃபோலயாங் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட்டார்.

அதே லயன்ஸ் நேஷன் கூடத்தின் பாசியோ அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரியில், கத்தாரில் அமெரிக்க மல்யுத்தக்காரர் ஜாரட் புரூக்ஸோடு மூன்றாவது முறையாக மோதினார். 2022 டிசம்பரில் இதே புரூக்ஸ் மல்யுத்தப் பிடிகளால் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். 2024இல் தலைகீழாகத் தூக்கி அடித்ததற்காகத் தகுதி நீக்கமானவர். மூன்றாம் முறை புரூக்ஸ் வழக்கம்போலத் தரைக்குத்தான் போனார். ஆனால் இரண்டாம் சுற்றின் கடைசியில் மேலே இருந்தது பாசியோ. புரூக்ஸின் முதுகில் ஏறி உட்கார்ந்து, நடுவர் நிறுத்தும் வரை குத்திக்கொண்டிருந்தார்.